அப்பத்தா பழசு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு ஆணி வந்து தள்ளிப்போன விஷயம் இது. பொட்டி தட்டற மக்களுக்கு இதுல பாதி தெரிஞ்ச கதையா இருக்கும். மத்தவங்களும் படிக்கலாம். பெரியவங்க குரல், பழைய போட்டோன்னு கம்ப்யூட்டர்ல சேர்த்து வச்சிருக்கிற எல்லார் வீட்டுக்கும் இது பொருந்தும். நான் இதைக் கொஞ்சம் அதிக விலை கொடுத்துக் கத்துக்கிட்டேன்.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

2007 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஒரு வாய்ஸ் ரெக்கார்டர் வாங்கிட்டுப் போனேன். எங்க ஊர் சிவகங்கைப் பக்கம். அப்பத்தாவுக்கு அப்ப எண்பதைத் தாண்டிருச்சு. மூணு நாள் பக்கத்துல உட்கார்ந்து பேசப் பேசப் பிடிச்சேன். நடவுப்பாட்டு, தாலாட்டு, விடுகதை எல்லாம் வந்துச்சு. ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள்ள பாட மாட்டேன்னு சொல்லி, கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பாடுச்சு. மொத்தம் 41 ஃபைல். அதுல ஒண்ணு பாட்டே இல்ல. காளையார்கோவில் பக்கத்துல இருக்கிற தன் பொறந்த ஊருக்கு எப்படிப் போகணும்னு எனக்கு வழி சொன்னது. "கண்மாய்க் கரையிலயே போ, ஒத்தப் பனை வரும், அங்க திரும்பாத"ன்னு ஆரம்பிச்சு நாலு நிமிஷம் பேசும். அதுக்கு "வழி"ன்னு பேர் வச்சேன்.

2011ல அப்பத்தா போயிருச்சு.

இனி பெங்களூருக்கு வருவோம். பொழப்பு இங்கதான். ஆபீஸ்ல எல்லா மெஷினும் விண்டோஸ். ஆனா வேலைக்கு வேண்டிய கருவிகள்ல பாதி யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த ரெண்டுக்கும் நடுவுல பாலம் போட்டது சிக்வின். 1995ல சிக்னஸ் கம்பெனியில ஆரம்பிச்ச திட்டம். யூனிக்ஸ்க்காக எழுதின ப்ரோக்ராம்களை விண்டோஸ் மேல ஓட வைக்கும். பாலம்னு சொன்னாலும், அதுல போற ஒவ்வொருத்தரும் தடுக்கி விழற படி ஒண்ணு உண்டு. அதுதான் ஃபைல் பாத். ஒரு ஃபைல் எங்க இருக்குன்னு எந்த மொழியில சொல்றதுங்கற பிரச்சினை.

(கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதறேன். நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க.)

இந்தப் பிரச்சினைக்கு ஒரு சரித்திரம் இருக்கு. யூனிக்ஸ் 1969ல பெல் லேப்ஸ்ல பொறந்தது. அங்க எல்லாமே ஒரே ஆலமரம். ஒரே வேர், அதுல இருந்து கிளை, கிளைக்கு நடுவுல ஒரு முன்சாய்வுக்கோடு. எத்தனை டிஸ்க் மாட்டினாலும் அதுவும் இந்த மரத்துல ஒரு கிளையாத்தான் தொங்கும். 1981ல வந்த முதல் எம்எஸ்-டாஸ்ல டைரக்டரியே கிடையாது. ஏ, பின்னு ஃபிளாப்பி எழுத்து மட்டும்தான். அங்க முன்சாய்வுக்கோட்டைக் கட்டளைகளோட ஆப்ஷனுக்கு ஏற்கெனவே எடுத்துக்கிட்டாங்க. 1983ல டாஸ் 2.0 வந்து டைரக்டரி சேர்த்தப்ப, அந்தக் கோடு காலியா இல்ல. அதனால கோட்டைப் பின்னால சாய்ச்சாங்க. அன்னிக்குச் சாய்ஞ்ச கோடுதான் இன்னிக்கும் நம்மளைப் படுத்துது.

இதுல வேடிக்கை என்னன்னா, யூனிக்ஸ் ஷெல்லுக்குப் பின்சாய்வுக்கோடுன்னா வேற அர்த்தம். "அடுத்து வர்ற எழுத்தை அப்படியே எடுத்துக்கோ"ன்னு பொருள். அதனால டி:\பாட்டு\புதுசு அப்படின்னு மேற்கோள் இல்லாம அடிச்சா, ஷெல் கோட்டை எல்லாம் முழுங்கிட்டு டி:பாட்டுபுதுசுன்னு ப்ரோக்ராமுக்கு அனுப்பும். அது அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு சொல்லும். நம்ம ஸ்க்ரீனை முறைச்சுப் பார்ப்போம்.

சரி, மேற்கோள் போட்டாச்சு, இனி பிரச்சினை இல்லைன்னு நினைச்சா, அடுத்தது அந்தப் பாழாப்போன ரெட்டைப்புள்ளி. ஆர்சிங்க், எஸ்சிபி, டார் மாதிரி ப்ரோக்ராம்களுக்கு ரெட்டைப்புள்ளிக்கு முன்னால இருக்கறது இன்னொரு கம்ப்யூட்டரோட பேர். டி:ன்னு ஆரம்பிச்சா, "டி"ன்னு ஒரு மெஷின் எங்கயோ இருக்குன்னு நெட்வொர்க்ல தேடப் போயிரும். ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் இதுக்காக நெட்வொர்க் ஆளுங்ககிட்ட போய், "அந்த டி சர்வர் டவுனா இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்தான். நாங்க ஒரு வாரம் அவனை ஓட்டினோம்.

சிக்வின்ல இதுக்கு வழி, டி டிரைவையும் மரத்துல ஒரு கிளையாக்கிட்டது. டி:\பாட்டு அங்க /சிக்டிரைவ்/டி/பாட்டு. ஒரு மொழியில இருந்து இன்னொண்ணுக்கு மாத்த சிக்பாத்னு ஒரு சின்ன ப்ரோக்ராம் கூடவே வரும். கூட யூ போட்டா யூனிக்ஸ் பேர், டபிள்யூ போட்டா விண்டோஸ் பேர். எம் போட்டா டிரைவ் எழுத்தும் முன்சாய்வுக்கோடும் கலந்த ஒரு மணிப்பிரவாளம். விண்டோஸ் ப்ரோக்ராம் பலதும் அந்த மணிப்பிரவாளத்தைச் சங்கடம் இல்லாம வாங்கிக்கும்.

தலைவலி எங்கன்னா, ரெண்டு வகை ப்ரோக்ராமும் ஒரே ஸ்க்ரிப்ட்ல இருக்கும்போதுதான். நாங்க ஜாவா கம்பைல் பண்ணினது சிக்வின் ஷெல்லுக்குள்ள இருந்து. ஆனா அந்த ஜாவா பச்சை விண்டோஸ் ப்ரோக்ராம். அதுக்குப் போய் /சிக்டிரைவ்/னு சொன்னா திருதிருன்னு முழிக்கும். கிளாஸ்பாத்ல யூனிக்ஸ் ரெட்டைப்புள்ளி போட்டுப் பிரிக்கும், விண்டோஸ் அரைப்புள்ளி போட்டுப் பிரிக்கும். அரைப்புள்ளியை மேற்கோளுக்குள்ள வைக்கலைன்னா, கட்டளை அங்கயே முடிஞ்சதுன்னு ஷெல் நினைச்சுக்கும். சிக்பாத்துக்கு டபிள்யூ கூட பி சேர்த்துக் கொடுத்தா மொத்தப் பட்டியலையும் மாத்திக் கொடுக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு.

பெங்களூர்ல வீடு தேடின அனுபவம் இருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். இங்க ஆட்டோக்காரர்கிட்ட "7ஆவது கிராஸ்"னு மட்டும் சொல்லிப் பாருங்க. எந்த லேஅவுட்டு, எத்தனையாவது ஸ்டேஜு, எந்த மெயின்னு திருப்பிக் கேப்பார். 7ஆவது கிராஸ் ஜெயநகர்லயும் இருக்கு, பிடிஎம்லயும் இருக்கு. எங்க நின்னுக்கிட்டுச் சொல்றோம்ங்கறதைப் பொறுத்து அர்த்தம் மாறும். அதுதான் ரிலேட்டிவ் பாத். அதே வீட்டுக்குப் போஸ்ட்மேனுக்கு ஒரு விலாசம், ஊர்ல இருந்து வர்ற மாமாவுக்கு "மடிவாளாவுல இறங்கி ஒரு போன் போடுங்க மாமா". ஊருக்கே 2014 நவம்பர் 1ல இருந்து பெங்களூருன்னு அரசாங்கப் பேர் ஆகியாச்சு, ஆனா நம்ம வாய்ல இன்னும் பெங்களூர்தான். வீடு ஒண்ணுதான். யார்கிட்ட சொல்றோமோ அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லணும்.

இதை எல்லாம் ஆபீஸ்ல நான்தான் புதுப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். "விண்டோஸ்ல பேர்ல இடைவெளி இருக்கும். டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், ப்ரோக்ராம் ஃபைல்ஸ். ஷெல்லுக்கு இடைவெளின்னா வார்த்தை முடிஞ்சதுன்னு அர்த்தம். வேரியபிளை எப்பவும் மேற்கோளுக்குள்ள போடு"ன்னு கத்தாத நாள் இல்ல. ஊருக்கு உபதேசம்.

இப்ப வீட்டுக் கதைக்கு வர்றேன்.

அப்பத்தா ஃபைல்களுக்கு முதல்ல இங்கிலீஷ் எழுத்துலதான் பேர் வச்சிருந்தேன், நடுவுல அடிக்கோடு போட்டு. வேற வழியில்ல. பழைய சிக்வினுக்கு யூனிகோடு தெரியாது, தமிழ்ல பேர் வச்சா வரிசையா கேள்விக்குறி காட்டும். 2009 டிசம்பர்ல சிக்வின் 1.7 வந்துச்சு. அதுல யூடிஎஃப்-8. தமிழ்ப் பேர் எல்லாம் உயிரோட வந்துச்சு. ஸ்க்ரீன்ல கொம்பும் காலும் கொஞ்சம் விலகி நின்னாலும், என் அப்பத்தா பேர் ஷெல்லுக்குள்ள தமிழ்ல தெரிஞ்சப்ப எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாத்துக்கும் தமிழ்ல பேர் மாத்தினேன். அடிக்கோடு எல்லாம் போச்சு. தமிழ்ல யார் அடிக்கோடு போட்டு எழுதறா? இடைவெளி விட்டு அழகா வச்சேன்.

டி டிரைவ்ல ரெண்டு ஃபோல்டர் ஆச்சு. ஒண்ணு "அப்பத்தா". அதுல அசல் 41ம். இன்னொண்ணு "அப்பத்தா பழசு". முதல் நாள் பதிவுல 16ஐ எடுத்து, சைஸ் குறைக்கறேன்னு அமுக்கிக் கெடுத்து வச்ச வெள்ளோட்டம்.

2012ல டிஸ்க் நிறைஞ்சு போச்சு. வேண்டாத ஃபோல்டர்களை அழிக்க ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். நோட்பேட்ல வரிக்கு ஒண்ணா ஏழு ஃபோல்டரோட விண்டோஸ் பாத். ஸ்க்ரிப்ட் ஒவ்வொரு வரியா படிக்கும், சிக்பாத் வச்சு யூனிக்ஸ் பேரா மாத்தும், ஆர்எம் போட்டு அழிக்கும். கேள்வி கேக்காம அழிக்கச் சொல்லி எஃப்பும் சேர்த்தேன். அதுல ஒரு வரி, டி:\அப்பத்தா பழசு.

அவ்வளவு அஜாக்கிரதை எல்லாம் இல்ல. முதல்ல ஆர்எம் இருக்கற இடத்துல எக்கோ போட்டு ஓட்டிப் பார்த்தேன். /சிக்டிரைவ்/டி/அப்பத்தா பழசு. ஏழு வரியும் அச்சு அசலா சரி. எக்கோவை எடுத்துட்டு ஆர்எம்மைப் போட்டு எண்டர் தட்டினேன்.

எங்க தப்புன்னு பொட்டி தட்டறவங்க இந்நேரம் தலையில கை வச்சிருப்பீங்க. பாத்தை மாத்தின இடத்துல மேற்கோள் போட்டிருந்தேன். ஆர்எம்முக்குக் கொடுத்த இடத்துல போடல. ஆர்எம்முக்குப் போனது ஒரு பேர் இல்ல, ரெண்டு பேர். ஒண்ணு, /சிக்டிரைவ்/டி/அப்பத்தா. இன்னொண்ணு, "பழசு". முதல் பேர்ல நிஜமாவே ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. அழிச்சுது. ரெண்டாவது பேர்ல ஒண்ணும் இல்ல. எஃப் போட்டதால அதைப் பத்தி மூச்சு விடல. யூனிக்ஸ் ஆர்எம் விண்டோஸ் குப்பைத்தொட்டியில போட்டு வைக்கற வழக்கமும் கிடையாது.

எக்கோ ஏன் காட்டிக் கொடுக்கல? அதுக்கும் ரெண்டு வார்த்தையாத்தான் போச்சு. ஆனா ரெண்டையும் நடுவுல ஒரு இடைவெளி விட்டு எழுதிக் காட்டறதுதான் அதோட வேலை. பார்க்கறதுக்கு ஒண்ணு மாதிரியே இருக்கும். பேரைச் சரிபார்க்கணும்னா பிரிண்ட்எஃப் வச்சு ஒவ்வொண்ணையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டுப் பார்க்கணும். ரெண்டு அடைப்பு வந்தா ரெண்டு பேர்னு தெரிஞ்சிருக்கும். ஒரே ஒரு வரி. இதை எனக்கு யாரும் சொல்லல. நானும் யாருக்கும் சொல்லியிருக்கல.

எனக்குத் தெரிய ரெண்டு நாள் ஆச்சு. அந்த ரெண்டு நாள்ல, இடம் கிடைச்சிருச்சேன்னு அதே டிரைவ்ல ஒரு படம் வேற டவுன்லோடு பண்ணியிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி தங்கமணி, "பாப்பாவுக்கு அந்தத் தாலாட்டைப் போடுங்க"ன்னு கேட்டப்பதான் ஃபோல்டரைத் திறக்கப் போனேன். இல்ல. "அப்பத்தா பழசு" மட்டும் சமத்தா உட்கார்ந்திருக்கு.

ஒண்ணுமே பேசத் தோணல. தங்கமணி என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "வேற எங்கயாவது காப்பி இருக்கும்ல?"ன்னு கேட்டா. ரெக்கார்டர்ல எப்பவோ வேற எதை எதையோ பிடிச்சாச்சு. ஆபீஸ் சர்வருக்கு ராத்திரிக்கு ராத்திரி மூணு காப்பி எடுக்கற ஸ்க்ரிப்டை எழுதினவன் நான். அப்பத்தாவுக்கு ஒரு காப்பி எடுக்கல.

ஒரு நல்ல காரியம் பண்ணினேன். உடனே பொட்டியை அணைச்சேன். ஃபைலை அழிக்கும்போது அதோட விலாசம்தான் முதல்ல போகும், சரக்கு அந்த இடத்துலயே கிடக்கும். அது மேல வேற எதையாவது எழுதற வரைக்கும் மீட்க வாய்ப்பு உண்டு. அதனால அந்த டிரைவை அப்புறம் தொடவே கூடாது. அடுத்த நாள் டிஸ்க்கைக் கழட்டி எடுத்துக்கிட்டு எஸ்பி ரோட்டுக்கு ஓடினேன். ரெண்டு மூணு கடை ஏறி இறங்கி, ஒரு மாடியில டேட்டா மீட்கறவர் ஒருத்தரைப் பிடிச்சேன். கன்னடத்துல ஆரம்பிச்சு, நான் திணர்றதைப் பார்த்துட்டுத் தமிழ்லயே பேசினார். "படம் இறக்கினீங்களா? ஏன் சார்?"ன்னு மட்டும் கேட்டார். என்கிட்ட பதில் இல்ல.

நாலு நாள் கழிச்சு 29 ஃபைல் வந்துச்சு. பேர் ஒண்ணும் இல்ல, வெறும் நம்பர். நாலு ஞாயித்துக்கிழமை நானும் தங்கமணியும் ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டுப் பேர் வச்சோம். மீதி 12ல அஞ்சு, நான் அழிக்கப் பார்த்த "பழசு"லயே இருந்துச்சு. சத்தம் கொரகொரன்னு இருந்தாலும் இருக்கு. ஏழு போயே போச்சு. அந்த ஏழுல ஒண்ணு "வழி".

பாட்டுன்னாக்கூட அந்தப் பக்கத்துல வேற யாராவது பாடுவாங்க. வழியை அப்பத்தா மாதிரி யார் சொல்லுவா?

அப்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். "அந்த வழிதானே, நான் சொல்றேன் எழுதிக்க"ன்னு ஆரம்பிச்சார். பஸ் ஸ்டாண்டுல இறங்கி, ரோட்டோடயே போய், பாலம் தாண்டி, பள்ளிக்கூடத்துக்கிட்ட திரும்பணும்னார். பக்கத்துல இருந்த அத்தை போனைப் பிடுங்கி, "அண்ணே, அது நீ சைக்கிள்ல போற வழி. ஆத்தா அப்படி ஒரு நாளும் போனதில்ல. கண்மாய்க் கரை வழியாத்தான் நடக்கும்"னாங்க. அரை மணி நேரம் ரெண்டு பேரும் சண்டை. பனைமரம் இருந்ததா இல்லையா, திரும்பறதா கூடாதா. ஒரு முடிவுக்கும் வரல. நான் இந்தப் பக்கம் ஸ்பீக்கரைப் போட்டு அதை அப்படியே பதிவு பண்ணிக்கிட்டேன். ரெண்டுமே சரியான வழிதான்னு அப்புறம் ஊருக்குப் போனப்ப தெரிஞ்சுது. சைக்கிள் கரை மேல போகாது, அவ்வளவுதான்.

இப்ப காலம் மாறியாச்சு. 2016ல மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸுக்குள்ள லினக்ஸைக் கொண்டு வந்தாங்க, டபிள்யூஎஸ்எல்னு பேர். படி மட்டும் அங்கயேதான் இருக்கு. அதே ஃபோல்டர் விண்டோஸ்ல டி:\அப்பத்தா, சிக்வின்ல /சிக்டிரைவ்/டி/அப்பத்தா, கிட் பாஷ்ல /டி/அப்பத்தா, டபிள்யூஎஸ்எல்ல /எம்என்டி/டி/அப்பத்தா. சிக்பாத்துக்குப் பதிலா அங்க டபிள்யூஎஸ்எல்பாத். கிட் பாஷ் இன்னும் ஒரு படி மேல போய், முன்சாய்வுக்கோட்டுல ஆரம்பிக்கற எதையும் விண்டோஸ் ப்ரோக்ராமுக்குக் கொடுக்கும்போது, கேக்காமலே விண்டோஸ் பாத்தா மாத்திரும். சில சமயம் நல்லது, சில சமயம் நீங்க சொன்னது வேற, போய்ச் சேர்றது வேற.

தமிழ்ல பேர் வைக்கறவங்களுக்குத் தனியா ரெண்டு விஷயம். "அப்பத்தா" நம்ம கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடுக்கு 8 குறி, லினக்ஸ் டிஸ்க்ல 24 பைட். அங்க ஒரு பேருக்கு 255 பைட்தான் இடம். அதாவது 85 குறி. விண்டோஸ்ல 255 குறி வரைக்கும் போகலாம். அதனால விண்டோஸ்ல வச்ச நீளமான தமிழ்ப் பேர் லினக்ஸ் டிஸ்க்குக்குக் காப்பி ஆகாம நிக்கலாம். ரெண்டாவது, "கொ" மாதிரி எழுத்தை ஒரே உயிர்க்குறியாவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாவும் அடிக்கலாம். பார்க்க ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற பேர். "இருக்கற ஃபைலை இல்லைங்குதே"ன்னா இதையும் பாருங்க. ஒரு ஆறுதல், பெரிய எழுத்து சின்ன எழுத்துத் தகராறு நமக்கு இல்ல.

எல்லாத்துக்கும் மேல, கட்டளை அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்குங்க. இந்தப் பாத்தைப் படிக்கப் போறது யாரு? ஷெல்லா, சிக்வின் ப்ரோக்ராமா, விண்டோஸ் ப்ரோக்ராமா? வரிசையா மூணு பேரும் படிக்கலாம். அப்படின்னா மூணு பேருக்கும் புரியணும்.

பேர்ல இடைவெளியே விடாதீங்கன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. ஆபீஸ் ஃபைலுக்கு நானும் விடறதில்ல. வீட்டு ஃபைலுக்கு மட்டும் விடறேன். அப்பா அத்தை சண்டைக்கு "வழி அப்பாவும் அத்தையும்"னு பேர் வச்சிருக்கேன். தப்பு அப்பத்தா பேர்ல இல்ல, என் மேற்கோள்ல. வீட்டுல ஒரு டிஸ்க், ஊர்ல அத்தை பீரோவுல ஒரு டிஸ்க், நெட்ல ஒண்ணுன்னு இப்ப மூணு காப்பி.

இந்த ஞாயித்துக்கிழமை நீங்களும் உங்க வீட்டு அப்பத்தா ஃபோல்டரைத் தேடி, இன்னொரு இடத்துல ஒரு காப்பி போட்டு வையுங்க. போட்டதும் அதுல ஒரு ஃபைலைத் திறந்து கேட்டுப் பாருங்க. ஃபோல்டரே இன்னும் இல்லைன்னா, ஊருக்கு ஒரு போன் போட்டு வழி கேளுங்க.